நீரா, நிலமா?

விமானம் ஓடுதளத்தில் இறங்குமுன் சக்கரங்களை இறக்கியாக வேண்டும் என்பது சிறுவரும் அறிந்த செய்தி. ஆனால் நீரிலும் நிலத்திலும் இறங்கக்கூடிய சிறு விமானம் ஒன்றைச் சொந்தமாக வைத்திருப்பவருக்கு இந்த நற்பழக்கமே எமனாகிவிடக்கூடும். நூறாண்டு கடந்த இவ்வகை விமானங்களின் வரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்தது இந்த முரண்தான்.

நீரிலிருந்து தன் பொறியின் வலுவால் எழுந்த முதல் விமானம், பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபாப்ர் உருவாக்கியது. 1910 மார்ச் 28 அன்று, மார்செய் நகருக்கு அருகிலுள்ள பெர் என்னும் உப்பங்கழியில், 50 குதிரைத்திறன் கொண்ட பொறியுடன் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் பறந்தது. (ஃபாப்ர் 101 வயது வரை வாழ்ந்து 1984இல் மறைந்தார் என்பது இடைச்செய்தி.) ஆயினும் அவ்விமானம் நீரோடு கட்டுண்டது. கரைக்கு வந்துவிட்டால் படகைப் போல இழுத்துத்தான் ஏற்ற வேண்டும்.

அந்தக் கட்டை அவிழ்த்தவர் அமெரிக்கரான கிளென் கர்ட்டிஸ். 1911 பிப்ரவரியில், சான் டியேகோவில், தம் மிதவை விமானத்தில் மேலேற்றவும் கீழிறக்கவும் கூடிய சக்கரங்களைப் பொருத்திப் பறந்து காட்டினார். நிலம், நீர், வான் மூன்றுக்கும் உரியது என்பதால் அதற்கு 'ட்ரையாட்' என்று பெயர். தமிழில் 'மும்மை' எனலாம். அமெரிக்கக் கடற்படையின் முதல் விமானமும் இதுவே. 1911 ஜூலை 1 அன்று நியூயார்க் மாநிலத்தின் கியூக்கா ஏரியில் அது முதன்முதலாக எழுந்தது. பின்வந்த கிரம்மன் நிறுவனம் தன் இருவாழ்வி விமானங்களுக்கு நீர்ப்பறவைகளின் பெயர்களையே இட்டது. அவற்றுள் 'விட்ஜன்' நம் நாமத்தலை வாத்தின் இனம். நடக்கவும் நீந்தவும் பறக்கவும் வல்ல வாத்தைவிடப் பொருத்தமான பெயர் வேறேது?

போர் முடிந்ததும் நடுத்தரக் குடும்பத்தினரும் ஆளுக்கொரு விமானம் வாங்குவர் என்றொரு கனவு அமெரிக்காவில் எழுந்தது. போர்விமானங்கள் செய்துவந்த ரிபப்ளிக் நிறுவனம், பெர்சிவல் ஸ்பென்சர் வடிவமைத்த 'சீபீ' என்னும் இருவாழ்வியை 1946இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. விலை ஏறிற்று, வாங்குவோர் குறைந்தனர். 1,060 விமானங்களோடு 1947இல் உற்பத்தி நின்றது.

எனவே ஏரிகள் மிகுந்த அலாஸ்காவிலும் மின்னசோட்டாவிலும் பெரும்பாலோர் கைக்கொண்ட வழி வேறு. சாதாரணச் சிறு விமானத்தையே வாங்குவது. கோடையில் மிதவை, குளிரில் சக்கரமோ பனிச்சறுக்குக் கட்டையோ பூட்டிக்கொள்வது. 1925இல் தோன்றிய எடோ நிறுவனத்தின் மிதவைகள் இதற்குப் பேர்பெற்றவை. அவற்றின் பெயரிலேயே கணக்கு அடங்கியிருக்கிறது. 'எடோ 2000' என்றால் ஒரு மிதவை ஏறத்தாழ 2,000 பவுண்டு தாங்கும். 1,760 பவுண்டு எடையுள்ள சூப்பர் கப் விமானத்துக்கு இரண்டு மிதவைகள் எதற்கென்று தோன்றலாம். விமானத்தின் எடையைவிட 80 விழுக்காடு கூடுதலாகத் தாங்கும் வலு மிதவைகளுக்கு வேண்டும் என்பது நெடுங்கால அமெரிக்க விதி. உட்புறம் தனித்தனி அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். ஓரறையில் நீர் புகுந்தாலும் விமானம் மூழ்காது.

மாற்றும் வேலை எளிதன்று. விமானத்தைப் பாரந்தூக்கியால் உயர்த்தி, தாங்குகால்களின் போல்ட்டுகளைக் கழற்றி, சக்கரங்களைப் பூட்டி, எடையையும் சமநிலையையும் மீண்டும் கணக்கிட்டு, உரிமம் பெற்ற இயந்திர வல்லுநரின் கையொப்பம் பெற வேண்டும். மிதவை பூட்டிய விமானம் நிலத்தில் இருந்துவிட்டால், வண்டியொன்றின் பின்னே இழுவைத் தட்டில் ஏற்றி, வண்டி விரைந்தோட அதன் மேலிருந்தே எழுவதும் உண்டு. பார்ப்பவர்க்குச் சர்க்கஸ், செய்பவர்க்கு அன்றாடம்.

சக்கரங்கள் உள்ளடங்கிய மிதவைகள் இத்தொல்லையைத் தீர்க்கும். ஆனால் அவற்றின் எடை கூடுதல். ஒரு பயணியையோ இருவரையோ கரையில் விட்டுவிட்டுப் போவதற்கு அது சமம். அதைவிடப் பெரிய விலை ஒன்றுண்டு. சக்கரத்தை மடக்க மறந்து நீரில் இறங்கினால், சக்கரங்களை நீர் பற்றிக்கொள்ள, மிதவைகளின் மூக்கு அமிழ்ந்து விமானம் குப்புறக் கவிழும். உள்ளிருப்போர் தலைகீழாக, நீருக்கடியில், வார்களைத் தேடித் தடவ வேண்டும். மாறாக, சக்கரத்தை இறக்க மறந்து ஓடுதளத்தில் இறங்கினால் பெரும்பாலும் மிதவையின் அடிப்பகுதி தேய்வதோடு சரி. ஒரே மறதி, ஓரிடத்தில் உலோகம் போகும், மற்றோரிடத்தில் உயிர் போகும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சாதாரண விமானத்தில் சக்கரம் கீழே தொங்கினால் வேகம் குறையும், விமானிக்கு உடலே உணர்த்திவிடும். மிதவைகளோ தாமே பெரும் காற்றுத்தடை; சக்கரம் நீட்டியிருந்தாலும் வேறுபாடு தெரிவதில்லை. ஓடுதளத்தில் எழுந்து, மடக்க மறந்து, பக்கத்து ஏரியில் இறங்குவதே வழக்கமான விபத்து. இதற்காகவே நிலத்துக்குப் பச்சை, நீருக்கு நீலம் என்று விளக்குகள் வைத்தனர். சக்கரம் தெரியும்படி இறக்கையில் ஆடி பொருத்தினர். இறங்கும்போது குரல் கொடுக்கும் கருவியும் வந்தது. ஆனால் பொத்தானை அழுத்தி அடக்கக்கூடிய குரலைப் பழக்கத்தாலேயே அடக்கிவிடவும் முடியும். பழைய விமானிகள் சொந்த வாயையே நம்புகின்றனர். "இது நீரில் இறங்குதல், சக்கரம் மேலே" என்று, உடன் யாருமில்லாதபோதும், உரக்கச் சொல்கின்றனர்.

அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரிலுள்ள ஹுட் ஏரி, உலகிலேயே மிகுந்த போக்குவரத்துள்ள நீர்விமானத் தளமாகச் சொல்லப்படுவது. ஏரிக்கரையை ஒட்டியே சரளைக்கல் ஓடுதளமும் இருக்கிறது. அந்நகரில் இன்றும் பலர் இருவாழ்வி மிதவைகளை நாடாமல், ஏரி உறையுமுன் ஒருமுறையும் உருகியபின் ஒருமுறையும் போல்ட்டுகளைக் கழற்றிப் பூட்டிக்கொண்டுதான் இருக்கின்றனர்.