‘இங்’ பிறந்த கதை

ஆரணியில் ஒரு பட்டு நெசவாளர் வீட்டு வாசலில் நின்று, “அண்ணன் இருக்காரா?” என்று கேட்டுப் பாருங்கள். “தறியில இருக்காரு” என்று உள்ளேயிருந்து பதில் வரும். நெய்துகொண்டிருக்கிறார் என்று யாரும் இலக்கணமாகச் சொல்ல மாட்டார்கள். ஆள் இருக்கும் இடத்தைச் சொன்னால் செய்யும் வேலை தானாகவே விளங்கிவிடும். கேட்ட புடவை என்னாச்சு என்றாலும் அதே பேச்சுதான்: “பச்சை இன்னும் தறியில இருக்கு.” ஆளும் தறியில், புடவையும் தறியில்.

நம் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலிருந்து மல்லுக்கட்டும் ஆங்கிலத்தின் ‘பிரசென்ட் கன்டினியுவஸ் டென்ஸ்’ பிறந்ததும் கிட்டத்தட்ட இப்படித்தான். ‘ஹி இஸ் வீவிங்’ என்பதற்குள் ஒரு காலத்தில் ‘அவர் நெசவில் இருக்கிறார்’ என்ற பேச்சு ஒளிந்திருந்தது.

பழைய ஆங்கிலத்தில் ‘இங்’ (அன்றைக்கு ‘உங்’ என்றும் சொன்னார்கள்) வினையைப் பெயராக்கும் விகுதி. வேட்டையாடு என்பதை வேட்டை ஆக்கும். நெய் என்பதை நெசவு ஆக்கும். வேட்டைக்குப் போனவனை ‘ஆன் ஹன்டிங்’, அதாவது வேட்டையில் இருக்கிறான் என்றார்கள். பேச்சு வேகத்தில் ‘ஆன்’ தேய்ந்து ‘அ’ ஆயிற்று, ‘அ ஹன்டிங்’. பிறகு அந்த ‘அ’வும் உதிர்ந்தது. பழைய நாட்டுப்புறப் பாடல்களில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு கிளையும் உண்டு. 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஆல்ஃபிரட் மன்னர் காலத்து உரைநடையில், ‘எண்டே’ என்று முடியும் எச்சத்தோடு ‘இரு’ வினையைச் சேர்த்து, போர் செய்கிறவர்களாக இருந்தார்கள் என்பதுபோல் எழுதியிருக்கிறார்கள். பின்வந்த நூற்றாண்டுகளில் ‘எண்டே’ மங்கி, ‘இங்’ அதன் இடத்தையும் பிடித்துக்கொண்டது. இரண்டு வெவ்வேறு விகுதிகள் ஒரே ஒலியில் வந்து விழுந்ததால் எது எதன் பிள்ளை என்று அறிஞர்கள் இன்றும் வழக்காடுகிறார்கள். வேல்ஸ் மொழியில் ‘பாடுதலில் இருக்கிறான்’ என்ற அமைப்பு தொன்றுதொட்டு உண்டு. அந்தக் கெல்ட்டிய அண்டைவீட்டாரிடமிருந்துதான் ஆங்கிலத்துக்கு இது வந்தது என்று ஒரு கட்சி. பங்காளியான ஜெர்மன் மொழியின் பொது வழக்கில் இப்படிக் கட்டாயமான தொடர்வினை இல்லை என்பது அந்தக் கட்சிக்குப் பலம். எனக்கும் அது தள்ளிவிடக்கூடிய வாதமாகத் தெரியவில்லை.

பிறந்துவிட்டதே தவிர, வெகுகாலம் இந்தத் தொடர்வினை விருப்பப்பட்டால் சேர்க்கிற சங்கதியாகவே இருந்தது. 1600 வாக்கில் எழுதப்பட்ட ‘ஹாம்லெட்’ நாடகத்தில், புத்தகமும் கையுமாக வரும் இளவரசனிடம், என்ன படிக்கிறீர்கள் என்று அமைச்சர் பொலோனியஸ் கேட்பது ‘இங்’ இல்லாத சாதாரண நிகழ்காலத்தில். இன்றைக்கு ஒரு மாணவன் அப்படி எழுதினால் சிவப்பு மையில் சுழித்துவிடுவார்கள். ஷேக்ஸ்பியருக்கு அந்தத் தொல்லை இல்லை.

கதையில் சுவையான இடம் புடவை பக்கம் இருக்கிறது. ஆள் நெய்கிறான், சரி. புடவை நெய்யப்படுகிறதே, அதை எப்படிச் சொல்வது? 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் சாலமோனின் ஆலயம் ‘இன் பில்டிங்’, அதாவது ‘கட்டுதலில்’ இருந்தது என்றே வருகிறது. நம் பச்சைப் புடவை தறியில் இருப்பதுபோல. பிறகு ‘இன்’னும் உதிர்ந்து, ‘தி ஹவுஸ் இஸ் பில்டிங்’ என்றார்கள். வீடா எதையோ கட்டுகிறது என்று யாரும் கேலி செய்யவில்லை. 1751 டிசம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபர்ட் கிளைவ் இதே ஆரணியில், ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபின் மகன் ரஸா சாகிபின் படையை வென்றபோது, அவர் ஊர் ஆங்கிலத்தில் இதுதான் வழக்கம். துப்பாக்கியோடு இங்கே வந்து சேர்ந்த ஆங்கிலம் தன் வினைச்சொற்களை இன்னும் கட்டி முடிக்கவில்லை.

‘இஸ் பீயிங் பில்ட்’ என்பதற்கு ஆரம்பச் சான்றாக நெடுங்காலம் காட்டப்பட்டது, கவிஞர் ராபர்ட் சதி 1795-இல் எழுதிய ஒரு கடிதம். முரட்டு நாவிதன் ஒருவன் கையில் கடைவாய்ப்பல் பிடுங்கப்பட்டுக்கொண்டிருக்கும் ஆளைப் பற்றி அதில் வருகிறது. (அதற்குச் சற்று முந்தைய தடயங்களும் பிறகு கிடைத்தன.) பல் பிடுங்குகிற வலியை, பிடுங்கி முடிக்காத நிலையில் சொல்ல வேறு வழி அவருக்கு இல்லைபோலும். இலக்கணக்காரர்கள் கொதித்தார்கள். அமெரிக்கரான ரிச்சர்ட் கிரான்ட் ஒயிட், 1870-இல் வந்த தன் புத்தகத்தில் இந்தப் பிரயோகத்தைத் திட்டவே தனி அத்தியாயம் ஒதுக்கினார். ஊர் அவரைக் கேட்கவில்லை. அவர் விரட்டப் பார்த்ததைத்தான் இன்று ‘பாஸிவ் வாய்ஸ்’ பாடத்தில் நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள்.

தமிழும் இதே தெருவில் நடந்துதான் வந்திருக்கிறது. தொல்காப்பியம் மூன்று காலம் சொன்னாலும், நிகழ்காலம் காட்டும் ‘கின்று’ சங்கப் பாடல்களில் மிக அரிது. 13-ஆம் நூற்றாண்டு நன்னூலுக்கு வரும்போது நிகழ்காலத்துக்கு ஆநின்று, கின்று, கிறு என மூன்று இடைநிலைகள். முதலாவதைப் பாருங்கள்: ‘நெய்யாநின்றான்’. உள்ளே ‘நில்’ நிற்கிறது. இன்று யாராவது அப்படி எழுதினால், நெய்யாமல் சும்மா நின்றான் என்றே படிப்போம்! ஸ்பானிய மொழியும் இப்படித்தான்: தொடர்வினைக்கு அது கையாளும் ‘எஸ்தார்’, நில் என்று பொருள்படும் லத்தீன் வினையின் வழித்தோன்றல். பிறகு நாம் ‘கொள்’ளையும் ‘இரு’வையும் சேர்த்து ‘நெய்துகொண்டிருக்கிறான்’ ஆக்கினோம். வட ஆர்க்காட்டு வாய் அதையும் சுருக்கி ‘நெஞ்சிகினு இருக்காரு’ என்று ஆக்கிவிட்டது.

இந்த வேரைச் சொல்லாமல், ‘இப்போது நடக்கும் செயல்’ என்று மட்டும் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதால்தான் குழப்பம். மறுபடி ஆரணித் தறிக்கே வருவோம். பழைய பாவின் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்களின்) நுனியோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கி ஒட்டும் நாளில் நெசவே கிடையாது. அதை முடித்து நெய்யத் தொடங்கிய பிறகும், ஒரு புடவை தறியை விட்டு இறங்கப் பல நாள் ஆகும். நடுவில் டீக்கடையில் கண்ணாடி டம்ளரோடு நிற்கிற நெசவாளர், ‘ஐ ஆம் வீவிங் எ கிரீன் ஸாரி’ என்று தாராளமாகச் சொல்லலாம். கை நெய்ய வேண்டியதில்லை. வேலை தொடங்கி முடியாமல் இருந்தால் போதும். ‘ஐ வீவ் ஸாரீஸ்’ என்றால் அது அவர் தொழில், தூங்கும்போதும் உண்மை.

‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்பதுபோல் நம்மவர்கள் பேசுவதை மும்பைக் கவிஞர் நிஸ்ஸிம் எசேக்கியல் கவிதைகளிலேயே கிண்டல் செய்திருக்கிறார். தாய்மொழிப் பாதிப்பு என்று பழியைத் தமிழ் மேல் போடுவார்கள். எனக்கு ரெண்டு தம்பி இருந்துகொண்டிருக்கிறார்கள் என்று எந்தத் தமிழன் பேசுகிறான்? குற்றம் ‘இங்’கை அளவுக்கு மீறி ஊட்டிய வகுப்பறையுடையது. தமிழ் இங்கே எதிரி அல்ல, சாட்சி.

ஆகவே ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தெரியும், வேண்டும், பிடிக்கும், இருக்கிறது: இந்த நான்கையும் கரும்பலகையில் எழுதி, ‘கொண்டிரு’ சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில ஒட்டாது; சில ஒட்டினால் பொருளே மாறிவிடும். வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்றால் சாமி கும்பிடுகிறேன். பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றால் கையில் எதையோ பிடித்திருக்கிறேன். ஆங்கிலத்திலும் அப்படியே: ‘ஹேவிங்’ என்றால் சாப்பிடுவதுபோல் ஒரு செயல். ‘நோ’, ‘வான்ட்’, ‘லைக்’, ‘ஹேவ்’ ஆகியவற்றுக்கு ‘இங்’ போடுமுன் இந்தச் சோதனையைப் பிள்ளைகள் தாங்களே செய்துகொள்ளட்டும்.