கைதிகள் வெட்டிய மலைச்சாலை



வரலாறு என்றால் அரண்மனையும் போர்க்களமும் மட்டுமே என்று நம் மாணவர்கள் எண்ணிவிடுகின்றனர். ஒரு மண்சாலைக்கும் வரலாறு உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் உள்ள பழைய ஃபால் ரிவர் சாலை அதற்கு நல்ல சான்று.

ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளமுள்ள இச்சாலையின் பெரும்பகுதி தார் காணாத சரளைப் பாதை. ஊசியிலைக் காட்டினூடே அருவியைக் கடந்து, மரங்களே வளராத உயரத்தில், 3,595 மீட்டரில் உள்ள கணவாயில் முடிகிறது. சாதாரண மகிழுந்தே போதும். மேல்நோக்கி மட்டுமே செல்லலாம். வேக வரம்பு மணிக்கு 24 கிலோமீட்டர். பனி உருகிய கோடையில்தான் திறப்பார்கள்.

இவ்வழியை முதலில் அறிந்தவர்கள் அரபாஹோ பழங்குடியினர். நாய்களைக் கொண்டு சுமை இழுத்துச் சென்றதால் அதனை 'நாய்த்தடம்' என்றழைத்தனர். 1913இல் சாலைப் பணியைத் தொடங்கியவர்களோ மாநிலச் சிறையிலிருந்து அழைத்துவரப்பட்ட 38 கைதிகள். பின்னர்க் குத்தகையாளர்கள் பணியைத் தொடர்ந்து 1920இல் முடித்தனர். பூங்காவின் உயர்மலைப் பகுதிக்குச் சென்ற முதல் மகிழுந்துச் சாலை இதுவே.

வளைவுகள் மிகக் குறுகலாக இருந்ததால், நீண்ட வண்டிகள் பின்வாங்கித் திரும்ப வேண்டியிருந்தது. 1932இல் அகன்ற டிரெயில் ரிட்ஜ் சாலை திறக்கப்பட்டதும் இதன் முதன்மை குன்றியது. 1953இல் நிலச்சரிவால் மூடப்பட்டு, 1968இல் ஒருவழிப் பாதையாக மீண்டும் திறந்தது. 2013ஆம் ஆண்டு வெள்ளம் அதனை மீண்டும் சிதைத்தது. செப்பனிட்டு 2015இல் திறந்தனர்.

கைதிகள் தங்கிய மரக்குடில்களின் எச்சங்கள் சாலையின் அடிவாரத்தில் உள்ளன. மேலே ஏறுவோர் மலையழகில் மயங்கி அவற்றைக் காணாமலே கடந்துவிடலாம். நம் வரலாற்றுப் பாடமும் சிலவேளைகளில் அப்படித்தான் நடக்கிறது. திறப்பு விழா ஆண்டை மனனம் செய்விக்கிறோம். பாறை உடைத்த கைகளை மறந்துவிடுகிறோம். சிறைப்பட்டவரின் உழைப்பால் பிறர் இன்புறச் சாலை அமைப்பது முறைதானா? உயர்நிலை மாணவர்களிடம் இக்கேள்வியை வைத்துப் பாருங்கள், வகுப்பறை உயிர்பெறும்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஒருமுறை தவறிய பிள்ளையை 'உருப்படமாட்டான்' என்று முத்திரை குத்திவிடுகிறோம். குற்றவாளிகள் என ஒதுக்கப்பட்டவர்கள் தொடங்கிய பாதையில்தான் நூறாண்டுகளுக்குப் பின்னும் குடும்பங்கள் மகிழ்ந்து செல்கின்றன.

அடுத்த வாரம் உங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள்: நம் பள்ளிக்கு முன்னுள்ள சாலையை யார் அமைத்தார்கள்? விடை தேடும்போதே வரலாறு தொடங்கிவிடும்.