நீலமில்லாத நீலம்

நிறத்தையே பெயராகக் கொண்ட மணி நீலம். அதே கல் சாம்பல் நிறத்தில் கிடைத்தால் தமிழில் அதை எப்படி அழைப்பது? 'சாம்பல் நீலம்' என்று சொல்லும்போதே இரண்டு சொற்களும் ஒன்றையொன்று முறைத்துக்கொள்கின்றன. மோதிரத்தில் பதிக்கக் கல் தேடிக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் அண்மையில் அப்படியொரு கல்லைப் பார்த்துவிட்டு வந்தார். பட்டை தீட்டாமல், மேற்புறம் குமிழாக, வழவழப்பாக இழைக்கப்பட்டது, கபோஷான் என்பார்கள். சூடு காட்டப்படாத கல் என்று சான்றிதழும் வைத்திருந்தார்களாம். "மழைக்கு முந்தைய வானம் மாதிரி மங்கிக் கிடக்கிறது. இதற்கு ஏன் இந்த விலை?" என்பது அவர் கேள்வி.

மணிகளைக் குணமும் குற்றமும் பார்த்து வாங்குவது நமக்குப் பழைய வழக்கம். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரையின் மணிக்கடை வீதி வருகிறது. வைரத்தின் குற்றங்கள் அங்கே பெயர் சொல்லி எண்ணப்படுகின்றன. ஆனால் எது குற்றம், எது குணம் என்பது காலத்தோடு இடம் மாறும். சாம்பல் நீலத்தின் வரலாறு அப்படி இடம் மாறிய ஒரு குற்றத்தின் வரலாறுதான்.

*

மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமத்தின் பிள்ளைகள். அலுமினிய ஆக்ஸைடான அக்கனிமத்துக்குத் தமிழில் குருந்தம் என்று பெயர். ஆங்கிலத்தின் கொரண்டம் இச்சொல்லிலிருந்து போனதே. தூய குருந்தத்துக்கு நிறமில்லை. குரோமியம் கலந்தால் சிவக்கும். இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்தால் நீலமாகும்.

டைட்டேனியம் கல்லுக்குள் கரைந்தே இருந்துவிடுவதில்லை. பூமிக்குள் கல் மெல்ல ஆறும்போது அதில் ஒரு பகுதி பிரிந்து, ரூட்டைல் என்னும் கனிமத்தின் மயிரிழை போன்ற ஊசிகளாக உறைந்துவிடுகிறது. மணி வணிகர்கள் இதைப் 'பட்டு' என்கிறார்கள். ஊசிகள் ஒளியைச் சிதறடிப்பதால் கல் பால் கலந்தது போலவோ புகை படிந்தது போலவோ தெரிகிறது. பட்டை தீட்டினால் இத்தகைய கல் மின்னாது. குமிழாக இழைத்தால் மேற்பரப்பில் பட்டுத்துணியின் ஒளி தவழும். மூன்று திசைகளில் அடர்ந்து கிடக்கும் ஊசிகளுக்குச் சரியான கோணத்தில் கல்லை இழைத்தால் ஆறு கதிர் கொண்ட விண்மீன் ஒன்று எழுந்து நிற்கும். புகைமூட்டமும் விண்மீனும் ஒரே பட்டின் இரண்டு முகங்கள்.

*

பட்டை தீட்டும் கலை ஐரோப்பாவில் பரவியது இடைக்காலத்தின் இறுதியில்தான். அதற்கு முன் வண்ணக் கற்களைப் பெரும்பாலும் குமிழாகவே இழைத்தார்கள். கல்லின் பருமனும் மென்மையான ஒளியும் போதுமானவையாக இருந்தன.

இதற்கு நல்ல சான்று பிரான்சின் ரைம்ஸ் நகரில் இருக்கிறது. பேரரசர் சார்லமேனின் கல்லறையில் கிடைத்ததாக மரபு சொல்லும் பதக்கம் அது. 1804இல் ஆகன் நகரம் அதை நெப்போலியனின் மனைவி ஜோசஃபினுக்கு அளித்தது. பிறகு அது மூன்றாம் நெப்போலியனின் குடும்பத்துக்குப் போனது. முதல் உலகப் போரில் சிதைந்த ரைம்ஸ் பேராலயத்துக்கு 1919இல் முன்னாள் பேரரசி யூஜெனி அதைக் கொடுத்தார். பதக்கத்தின் நடுவில், முன்புறம் ஆழ்ந்த நீல நிறத்தில் ஒரு குமிழ். பின்புறம் சாம்பல் கலந்த நீலத்தில் இன்னொரு குமிழ். 2019இல் வெளியான ஆய்வு, முன்புறம் இருப்பது கண்ணாடி என்று விவரித்தது. பழைய கல்லொன்றின் இடத்தில் அது 19ஆம் நூற்றாண்டில் வைக்கப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. பின்புறம் இருப்பதோ உண்மையான நீலக்கல். பெரும்பாலும் இலங்கையிலிருந்து சென்றது. கண்ணைக் கவரும் நீலம் கண்ணாடியாகவும், மங்கலான சாம்பல் மெய்யாகவும் இருப்பதை நண்பரிடம் சொன்னேன். சிரித்தார்.

*

கல்லைச் சுடுவது புதிதன்று. இலங்கையில் மாணிக்கங்களை நெருப்பிலிட்டு நிறம் தெளியச் செய்வதை 13ஆம் நூற்றாண்டிலேயே அரபு நூலாசிரியர் அல்-திஃபாஷி எழுதியிருக்கிறார். கரியும் ஊதுகுழலும் கொண்டு செய்த வேலை அது. சிவப்பில் கலந்த நீலச்சாயலை நீக்க அந்த வெப்பம் போதும். பட்டை அது அசைக்காது.

ஆகவே சாம்பல் கல்லுக்கு விடிவு வரவில்லை. இரத்தினபுரியின் குழிகளில் 'இல்லம்' எனப்படும் மணிச்சரளையை அரித்து எடுக்கும்போது, புகைமூட்டமான குருந்தக் கற்கள் நிறையக் கிடைத்தன. 'கெவுட' என்று பெயரிட்டு அவற்றை ஒதுக்கினார்கள். தோட்டத்துச் சரளையோடும் மீன்தொட்டியின் கூழாங்கற்களோடும் அவை கிடந்ததாகச் சொல்வதுண்டு.

1970களில் தாய்லாந்து வணிகர்கள் இந்தக் கெவுடவை வாங்கத் தொடங்கினார்கள். இலங்கையில் விற்றவர்களுக்கு அது கழிவு. வாங்கியவர்களுக்கு ஒரு ரகசியம் தெரிந்திருந்தது. ஆக்சிஜன் குறைந்த உலையில் 1,500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டால் பட்டு கரைந்துவிடும். கரைந்த டைட்டேனியம் இரும்போடு இணையும். சாம்பல் கல் தெளிந்த நீலமாகிவிடும். சில உலைகளின் வேலையில் கழிவு அரச மணியானது. கல் இலங்கையுடையது, அதன் விலையின் பெரும்பகுதி வேறு நாட்டில் பிறந்தது. இலங்கையர் பின்னாளில் இந்நுட்பத்தைக் கற்றுக்கொண்டார்கள். கெவுடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எண்ணெய்ப் பளபளப்புள்ளதை 'டீசல்' என்று தரம் பிரிக்கும் கண்ணும் அவர்களுக்கு வாய்த்தது. ஆனால் அதற்குள் எத்தனை குழிகளின் உழைப்பு சரளை விலைக்குப் போயிருக்கும்! கழுத்தளவு நீரில் நின்று அரித்தவனுக்குத் தன் கையில் இருந்தது என்னவென்று ஒருவரும் சொல்லவில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. இன்று சந்தைக்கு வரும் நீலக்கற்களில் மிகப் பெரும்பாலானவை உலை கண்டவை. பட்டோடு பிறந்த கல் பட்டோடு நம் கைக்கு வருவது அரிதாகிவிட்டது. உலை, குற்றத்தைக் கரைத்தபோது சாட்சியையும் சேர்த்தே கரைத்தது.

*

அச்சாட்சியின் மாபெரும் வடிவம் நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 563.35 காரட் எடையுள்ள, சாம்பல் சாயல் கொண்ட நீலக் குமிழ் அது. இரு புறமும் விண்மீன் தெரியும். 1900இல் ஜே. பி. மோர்கன் அளித்த கொடை. பெயர் 'இந்தியாவின் விண்மீன்'. கிடைத்த இடமோ இலங்கை. 1964 அக்டோபரில் களவு போய், 1965 ஜனவரியில் மயாமி பேருந்து நிலையத்தின் பெட்டகம் ஒன்றிலிருந்து மீட்கப்பட்டது. உலையிலிட்டு அதன் பட்டைக் கரைத்திருந்தால் அந்த விண்மீன் இல்லை.

*

இனி நண்பரின் மோதிரம். சாம்பல் நிறம் மட்டுமே சூடு காணாமைக்குச் சான்றாகாது. சுட்ட பின்னும் சாம்பலாகவே நின்ற கற்கள் உண்டு. நுண்ணோக்கியில் ஊசிகள் நீண்டு, முறியாமல் கிடக்கின்றனவா, புள்ளி புள்ளியாக உடைந்து கரைந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். விண்மீன் வரைந்தது போல மிகக் கூர்மையாக இருந்தால் ஐயம் கொள்ளலாம். 1947 முதல் அமெரிக்காவின் லிண்டே நிறுவனம் ஆலையிலேயே விண்மீன் நீலங்களைச் செய்து விற்றது. குமிழின் அடிப்புறம் எடைக்காகத் தேவையின்றிப் பருத்திருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்; காரட் கணக்கில் நாம் விலை கொடுப்பது மோதிரத்துக்குள் மறையும் அந்தப் பருமனுக்கும் சேர்த்துத்தான்.

சான்றிதழின் வாசகத்தை நண்பரிடம் படித்துக் காட்டச் சொன்னேன். 'வெப்பமூட்டியதற்கான அறிகுறிகள் காணப்படவில்லை' என்றிருந்தது. சுடப்படவில்லை என்று அது சொல்லவில்லை. தடயம் கிடைக்கவில்லை என்றே சொல்கிறது. வரலாற்றை எழுதுகிறவனுக்கு மிகவும் பழக்கமான வாக்கியம். நல்ல ஆய்வகம் இதற்கு மேல் சொல்லாது, சொல்லவும் கூடாது.

நண்பர் அந்தக் கல்லை வாங்கிவிட்டார். குற்றம் என்று ஒரு காலம் ஒதுக்கியதை, மூலப்பொருள் என்று இன்னொரு காலம் சுட்டதை, அப்படியே விரலில் அணிந்திருக்கிறார். வெயிலில் கையைத் திருப்பும்போது அதன் மேல் மெல்லிய ஒளியொன்று நகர்கிறது. நீலம் என்று சொல்ல முடியவில்லை. வேறு பெயரும் இன்னும் அகப்படவில்லை.