நூல் இழையில் ஒரு இதயம்

நகரிப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தறிச் சத்தம் தாலாட்டு மாதிரி. பாவும் ஊடையும் தெரிந்த நம்மவர்களுக்கு இந்தக் கதை சுலபமாகப் புரியும். இதயத்தையே நூல் இழைகளாகக் கட்டிப் பார்த்தவர் கதை இது.

இதய வால்வின் இதழ்கள் மெல்லிய துணி மாதிரி. ரத்தம் தள்ளினால் திறக்கும், திரும்பி வந்தால் மூடும். ஓட்டம் இதழை அசைக்கிறது. அசைந்த இதழ் ஓட்டத்தை மாற்றுகிறது. அப்படியென்றால் எதை முதலில் கணக்கிடுவது?

1972-ல் நியூயார்க்கில் ஆராய்ச்சி மாணவராக இருந்த சார்லஸ் பெஸ்கின் ஒரு வழி கண்டுபிடித்தார். ரத்தம் ஓடும் இடத்தை அசையாத கட்டங்களாகப் பிரித்தார். இதழைப் புள்ளிகள் கோத்த இழையாக அதில் மிதக்கவிட்டார். இழை இழுபட்டால், அந்த விசையைப் பக்கத்துக் கட்டங்களுக்குப் பங்கு வைப்பார். பிறகு அதே கட்டங்களின் வேகத்தை எடுத்து இழையை நகர்த்துவார். கொடுக்கவும் எடுக்கவும் ஒரே பங்கு விகிதம்! பி.காம். படித்த பேங்க்காரன் கண்ணுக்கு இது சாட்சாத் பற்று வரவுக் கணக்குதான் :) பிற்பாடு டேவிட் மெக்வீனோடு சேர்ந்து முழு இதயத்தையே இழைகளால் கணினியில் கட்டினார். செயற்கை வால்வுக்கு எந்த வடிவம் நல்லது என்றும் இருவரும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்.

சரி, நம்மூரில்? வெளிநாட்டு வால்வு வாங்க வசதியில்லாத நோயாளிகளுக்காக, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழு சொந்தமாக ஒரு வால்வு செய்ய இறங்கியது. அதில் இதழ் கிடையாது, சாய்ந்து திறக்கும் ஒரு வட்டத் தட்டுதான். ஆனால் தள்ளுவது அதே ரத்தம். இதயம் வருடத்துக்குச் சுமார் 3.7 கோடி முறை துடிக்கிறது. அத்தனை அடியையும் தட்டு தாங்க வேண்டும். செயற்கை நீலக்கல்லில் தட்டு செய்தார்கள். அது டைட்டானியச் சட்டத்தைத் தேய்த்துவிட்டது. மூன்று மாதிரிகள் கைவிடப்பட்டன. நான்காவதில், பாலிஎதிலீன் பிளாஸ்டிக்கின் மிக வலுவான ரகம் கைகொடுத்தது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். அதன்பின் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தியாகிவிட்டது.

ஓட்டம் எப்படிப் போகும் என்று கணினி சொல்லும். பொருள் எத்தனை வருடம் உழைக்கும் என்பதை ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இரண்டு வேலையும் தேவைதான்.

இன்னொன்று. நம் நாட்டில் பலருக்கு வால்வு கெடுவது, சிறுவயதில் சரியாக வைத்தியம் பார்க்காத தொண்டைப் புண்ணும் அதைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலும் செய்கிற வேலை. அதற்குக் கணினியும் வேண்டாம், நீலக்கல்லும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் போடும்போது, பிள்ளைகளுக்குத் தொண்டை வலி என்றால் உடனே டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.