பரீட்சையும் பரிச்சயமும்: சென்னை வக்கீல் தொழிலில் சமூக உறவுகளின் இடம் (1862 – 1926)

ஒருவன் ஒரு தொழிலிற் புகுவதற்குத் தகைமை ஒன்றே போதுமானதா, அன்றி அறிந்தோர் துணையும் வேண்டுமா என்ற வினா எல்லாத் தொழில்களுக்கும் பொதுவானது. எனினும் சட்டத் தொழிலில் இவ்வினா தனிக் கூர்மை பெறுகின்றது. வணிகன் தன் பண்டத்தைக் கடைவாயிலிற் பரப்பி வைக்கலாம். வக்கீலோ தன் திறமையை விளம்பரஞ் செய்தலாகாது என்பது அத்தொழிலின் நெடுங்கால ஒழுக்கம். வழக்குத் தொடுப்பவன் தன் நிலத்தையும் மானத்தையும் இன்னொருவரின் நாவன்மையிடம் ஒப்படைக்கின்றான். முன்பின் அறியாத ஒருவரிடம் அவன் அவற்றை எளிதில் ஒப்படைப்பதில்லை. ஆதலின், சட்டப் பட்டம் வக்கீலுக்கு நீதிமன்ற வாயிலைத் திறந்துவிடுமேயன்றி, வழக்குகளைக் கொண்டுவந்து தருவதில்லை. வழக்குகளைக் கொணர்வது பரிச்சயமாகும். இவ்வுண்மையை விளக்குவதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் சென்னையில் உருவான வக்கீல் சமூகத்தின் வரலாறு மிகப் பொருத்தமான சான்றாக அமைகின்றது.

இரு மரபுகளின் சந்திப்பு

1862ஆம் ஆண்டிற் சென்னை உயர் நீதிமன்றம் நிறுவப்பட்டது. அதற்கு முன்னர் அங்கே இருவகை நீதிமன்றங்கள் இயங்கின. நகர எல்லைக்குள் 1801இல் ஏற்பட்ட சுப்ரீம் கோர்ட்டு ஆங்கிலச் சட்ட மரபைப் பின்பற்றியது. அங்கு வாதாடியோர் இங்கிலாந்திற் பயின்று வந்த பாரிஸ்டர்கள். வழக்குப் பத்திரங்களை ஆயத்தஞ் செய்தோர் அற்றார்ணிகள். மாகாணத்தின் உட்பிரதேசங்களிலிருந்து வந்த மேன்முறையீடுகளை விசாரித்தது சதர் அதாலத்து. அங்கு வாதாடியோர் உள்நாட்டு வக்கீல்கள். இவ்விரண்டும் ஒரே நீதிமன்றமாக இணைக்கப்பட்டபோதும், அவற்றில் வாதாடியவர்கள் ஒரே இனமாக இணைக்கப்படவில்லை. பாரிஸ்டருக்கு இருந்த மதிப்பும் ஊதியமும் வக்கீலுக்கு இல்லை.

ஐரோப்பியப் பாரிஸ்டருக்கு வழக்குகள் வந்த வழி தெளிவானது. நகரின் பெரும் வணிக நிறுவனங்கள் ஐரோப்பியருடையவை. அவற்றின் வழக்குகளைக் கையாண்ட அற்றார்ணிகளிற் பலர் ஐரோப்பியர். இவர்கள் உணவுண்டதும் உரையாடியதும் இந்தியருக்கு இடமளியாத சென்னைக் கிளப்பு போன்ற கழகங்களில். எனவே உள்நாட்டு வக்கீல் எதிர்கொண்ட தடை சட்ட நூல்களில் எழுதப்பட்ட தடை மட்டுமன்று. அவன் அமர முடியாத விருந்து மேசையும் அத்தடையின் ஒரு பகுதியே. இந்நிலையில், தமக்கெனத் தனியானதோர் உறவு வலையைப் பின்னிக்கொள்வதன்றி வக்கீல்களுக்கு வேறு வழியிருக்கவில்லை.

ஆதரவாளர் ஒருவரின் கை

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் தி. முத்துசாமி ஐயர். 1832இல் தஞ்சை மாவட்டத்தில் வறிய குடும்பத்திற் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்த இவர், மாதம் ஒரு ரூபா ஊதியத்துக்குக் கிராமக் கணக்கரின் உதவியாளராக வேலை பார்த்தார். அச்சிறுவனின் கூர்மதியைக் கண்டுணர்ந்தவர் தாசில்தார் முத்துசாமி நாயக்கர். அவரது ஆதரவினாலேயே முத்துசாமி ஐயர் ஆங்கிலக் கல்வி பெறவும் சென்னை சென்று படிக்கவும் முடிந்தது. 1854இல் கட்டுரைப் போட்டியொன்றில் ஐந்நூறு ரூபாப் பரிசு பெற்றதும், பின்னர் நீதித்துறையிற் படிப்படியாக உயர்ந்ததும் அவரது சொந்த ஆற்றலின் பயனே. ஆயினும் அவ்வாற்றல் வெளிப்படுவதற்கான முதல் வாயிலைத் திறந்தது ஒரு தனிமனிதரின் கவனம் என்பது மறக்கற்பாலதன்று. அதே ஊரில், அதே வறுமையில், அத்தகைய கண்ணிற் படாமற்போன சிறுவர்களைப் பற்றி வரலாறு ஏதும் சொல்வதில்லை.

1878இல் முத்துசாமி ஐயர் உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டபோது ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் அதனைக் கடுமையாகத் தாக்கின. அத்தாக்குதலுக்கு விடையிறுக்க விரும்பிய இளைஞர் அறுவர் அதே ஆண்டு செப்டெம்பர் மாதம் ‘இந்து’ப் பத்திரிகையைத் தொடங்கினர். அவர்களில் இருவர் ஆசிரியர்கள். ஏனைய நால்வரும் சட்ட மாணவர்கள். வக்கீல் தொழிலின் வாயிலில் நின்ற மாணவர்கள், அத்தொழிலின் உச்சியை அடைந்த ஒருவருக்காகப் பேச முன்வந்தனர். ஒருவரது உயர்வு தம் அனைவரது எதிர்காலத்தோடும் பிணைந்தது என்ற உணர்வு அங்கே தோன்றிவிட்டதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

மூத்தவரும் இளையவரும்

சட்டப் பட்டம் பெற்ற இளைஞன் நேரே நீதிமன்றம் புகுந்து பொருளீட்டிவிட முடியாது. மூத்த வக்கீல் ஒருவரிடம் பயிற்சி பெறுதல் வேண்டும். இப்பயிற்சி வெறும் சடங்கன்று. மூத்தவரின் வீட்டு முன்னறையே பயிற்சிக்கூடம். வழக்குக் கட்டுகளைப் படித்துச் சுருக்கம் எழுதுதல், முன்தீர்ப்புகளைத் தேடி எடுத்தல், மனுக்களை வரைதல் ஆகியன இளையவரின் பணிகள். மூத்தவருக்கு ஒரே வேளையில் இரு நீதிமன்றங்களில் வழக்கு விழுந்தால், ஒன்றில் எழுந்து பேசும் வாய்ப்பு இளையவருக்குக் கிட்டும். அன்று அவர் பேசுவதை நீதிபதி கேட்கிறார், கட்சிக்காரர் கேட்கிறார், வெளியூரிலிருந்து வழக்கை அனுப்பிய வக்கீலும் அதுபற்றி அறிந்துகொள்கிறார்.

இவ்வெளியூர் வக்கீலே முழு அமைப்பினதும் அச்சாணி எனலாம். உயர் நீதிமன்றத்துக்கு வந்த மேன்முறையீடுகளிற் பெரும்பாலானவை தஞ்சாவூர், மதுரை, திருநெல்வேலி போன்ற மாவட்டங்களிலிருந்து வந்தவை. அங்குள்ள வக்கீல் தன் கட்சிக்காரனைச் சென்னையில் யாரிடம் அனுப்புவது எனத் தீர்மானிக்கும்போது, தன்னோடு படித்தவரையோ, தன் ஊரவரையோ, தன் உறவினரையோ நாடுவது இயல்பு. ஆகவே சென்னையில் வெற்றி பெற விரும்பிய வக்கீலுக்குக் கும்பகோணத்தில் ஒரு நண்பர் இருப்பது சட்ட நூல் நிறைந்த அலுமாரிக்கு நிகரான செல்வமாயிற்று.

பயிற்சி முறையினால் நற்பயனும் விளைந்தது. நெல்லூர் மாவட்டத்துக் கோயிற் குருக்கள் ஒருவரின் மைந்தரான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், பி. ஆர். சுந்தர ஐயரிடம் பயின்று தொழிலிற் புகுந்தார். 1929இல் சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலானார். பின்னாளில் இந்திய அரசியலமைப்பு வரைவுக் குழுவின் உறுப்பினருமானார். சட்டத்துறையிற் பரம்பரைச் செல்வாக்கு ஏதுமற்ற ஒருவருக்கு மூத்தவரின் அறை எத்தகைய ஏணியாக அமையக்கூடும் என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

சனிக்கிழமைக் கழகம்

1880களின் பிற்பகுதியில் மயிலாப்பூர் வக்கீல்களின் குடியிருப்பாக மட்டுமன்றி அவர்களின் அறிவு மன்றமாகவும் வளர்ந்தது. மதுரையில் வக்கீலாக விளங்கிச் சென்னைக்கு வந்த எஸ். சுப்பிரமணிய ஐயரின் இல்லத்தில், 1888 முதல் சனிக்கிழமை மாலைதோறும் வக்கீல்கள் ஒன்றுகூடினர். அவ்வாரத் தீர்ப்புகளை ஆராய்வதும் சட்ட நுணுக்கங்களைத் தர்க்கிப்பதும் அக்கூட்டத்தின் நோக்கம். சனிக்கிழமைக் கழகம் எனப் பெயர் பெற்ற இக்கூட்டத்திலிருந்தே 1891இல் ‘மதராஸ் லா ஜேர்ணல்’ என்ற சட்ட இதழ் பிறந்தது. வி. கிருஷ்ணசாமி ஐயரும் பி. ஆர். சுந்தர ஐயரும் அதனை முன்னின்று நடத்தினர். இதற்கிடையே 1889இல் வக்கீல்கள் தமக்கெனச் சங்கமொன்றையும் அமைத்துக்கொண்டனர்.

இக்கழகத்தின் பயனை இருவகையாக நோக்கலாம். முதலாவது, அறிவுப் பயன். பாரிஸ்டரிடம் இலண்டன் சட்டக் கழகங்களின் மரபு இருந்தது. வக்கீல்கள் தமக்கான மரபைத் தாமே ஆக்கிக்கொண்டனர். இரண்டாவது, தொழிற் பயன். மூத்தோர் நடுவே இளையவர் ஒருவர் நுட்பமான கருத்தொன்றை எடுத்துரைத்தால், அதனைக் கேட்டிருப்போர் நாளை அவருக்கு வழக்கு அனுப்பக் கூடியவர்கள். இதழில் அவர் எழுதும் குறிப்பொன்று வெளியூர் வக்கீல்களின் மேசைகளில் அவர் பெயரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். விளம்பரம் விலக்கப்பட்ட தொழிலில், கற்றோர் கூட்டமும் சட்ட இதழும் கண்ணியமான அறிமுகப் பத்திரங்களாயின.

இவ்வலையின் வலிமை விரைவிற் புலப்பட்டது. வி. பாஷ்யம் ஐயங்கார் 1897இல் தற்காலிக அட்வகேட் ஜெனரலாகவும், 1901இல் உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் நியமனம் பெற்றார். சுப்பிரமணிய ஐயர் 1895இலேயே நீதிபதியாகியிருந்தார். ஒரு தலைமுறைக்குள் வக்கீல்கள் பாரிஸ்டரின் நிழலிலிருந்து விடுபட்டு, அவர்களுக்கு நிகராகத் தலைநிமிர்ந்தனர்.

மணவுறவும் எழும்பூர்ப் பிரிவும்

தொழில் உறவு குருதி உறவோடும் மணவுறவோடும் கலந்தது. 1916இல் அட்வகேட் ஜெனரலான எஸ். ஸ்ரீநிவாச ஐயங்கார், பாஷ்யம் ஐயங்காரின் மருமகன். சி. பி. ராமசாமி ஐயரின் தந்தையார் நீதித்துறையிற் பதவி வகித்தவர். மனைவியார் சட்டத்துறையிற் பெயர்பெற்ற சி. வி. ரங்கநாத சாஸ்திரியின் பேர்த்தி. இவர்களின் திறமை ஐயத்துக்கிடமற்றது. எனினும் அத்திறமை தன்னை நிறுவிக் காட்டுவதற்கான முதல் வாய்ப்பு இவர்களுக்கு எளிதிற் கிட்டியது என்பதும் ஐயத்துக்கிடமற்றது.

மயிலாப்பூர் அணிக்கு எதிராக எழும்பூர் அணி எனப்பட்ட குழு வளர்ந்தது. அதன் முன்னணியில் நின்ற சி. சங்கரன் நாயர், ஹொரேஷியோ ஷெப்பர்ட் என்ற ஆங்கிலேயரிடம் பயின்றவர். 1897இல் காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய அவர், பின்னர் உயர் நீதிமன்ற நீதிபதியானார். அவருடைய மருமகன் சி. மாதவன் நாயரும் அதே நீதிமன்றத்தின் நீதிபதியாயினார். இரு அணிகளும் அரசியலிலும் பதவிப் போட்டியிலும் மோதிக்கொண்டபோதும், உயர்வு பெறும் வழியில் அவை ஒன்றுக்கொன்று அதிகம் வேறுபடவில்லை என்பதை இது உணர்த்துகின்றது.

தரகரின் நிழல்

பெருவக்கீல்களின் அறைகளுக்கு வெளியே பரிச்சயம் இன்னொரு வடிவத்தில் விலைபோயிற்று. நீதிமன்ற வளவிலும் புகையிரத நிலையத்திலும் சத்திரத்திலும் கட்சிக்காரரை மறித்து, குறித்த வக்கீலிடம் அழைத்துச் சென்று, கட்டணத்திற் பங்கு பெறும் தரகர்கள் பெருகினர். 1879ஆம் ஆண்டின் சட்டத் தொழிலாளர் சட்டம் 1896இல் திருத்தப்பட்டு, இத்தகைய தரகர்களின் பெயர்ப்பட்டியலை வெளியிட்டு அவர்களை நீதிமன்ற எல்லையிலிருந்து விலக்கும் அதிகாரம் நீதிமன்றங்களுக்கு அளிக்கப்பட்டது. மூத்தவரின் பரிந்துரை பாராட்டப்பட, தரகரின் பரிந்துரை தண்டிக்கப்பட்டது. வேறுபாடு நியாயமானதே; முன்னது அறிந்த திறமைக்குச் சான்று பகர்வது, பின்னது கூலிக்காகச் சான்று பகர்வது. ஆயினும் தரகரை நாடிய இளம் வக்கீல்களிற் சிலர், எந்த மூத்தவரின் அறையிலும் இடங்கிடையாதவராக இருந்திருக்கக் கூடும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஏணி சுவராகியது

ஐரோப்பியரின் ஏகபோகத்தை உடைப்பதற்கென எழுந்த உறவு வலை, அதற்குப் புறத்தே நின்றோருக்கு எவ்வாறு தோன்றியது? 1912ஆம் ஆண்டு நிலையைக் காட்டும் புள்ளிவிபரமொன்று இதற்கு விடை பகர்கின்றது. சென்னை மாகாணத்தின் நிரந்தர மாவட்ட முன்சீப்புகள் 128 பேரில் 93 பேர் பிராமணர். மாகாணச் சனத்தொகையில் அவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு மூவரே. ஆங்கிலக் கல்வியில் அவர்கள் முந்திக்கொண்டமை இதற்கு முதற் காரணம் என்பது மறுக்கத்தக்கதன்று. ஆனால் கல்வி மட்டும் காரணமாயின், பிறர் கல்வி பெறப்பெற வேறுபாடும் அதே வேகத்திற் குறைந்திருத்தல் வேண்டும். பட்டம் பெற்று வந்த வேளாளரும் பிறரும் கண்டது வேறு. பரீட்சை மண்டபத்தில் அனைவரும் ஒரே வரிசையில் அமர்ந்தனர். பரீட்சை முடிந்தபின் யார் வீட்டு முன்னறை யாருக்குத் திறக்கும் என்பது சாதியாலும் ஊராலும் உறவாலும் தீர்மானிக்கப்பட்டது.

இம்மனக்குறை 1916 நவம்பரில் அமைப்பு வடிவம் பெற்றது. பிட்டி தியாகராயச் செட்டியாரும் டாக்டர் டி. எம். நாயரும் பிறரும் சேர்ந்து தோற்றுவித்த தென்னிந்திய நல உரிமைச் சங்கம், பின்னர் நீதிக்கட்சி எனப் பெயர் பெற்றது. அடுத்த மாதம் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கை உத்தியோகப் புள்ளிவிபரங்களையே தன் வாதத்துக்கு அடிப்படையாக்கியது. 1921இல் அக்கட்சியின் ஆட்சி வகுப்புவாரி நியமன ஆணையைப் பிறப்பித்தது. பெண்களின் நிலை இன்னும் பின்தங்கியது. அவர்கள் வக்கீலாவதற்கிருந்த சட்டத் தடை 1923இலேயே நீங்கியது. 1926ஆம் ஆண்டின் இந்திய வழக்கறிஞர் மன்றச் சட்டம் பாரிஸ்டருக்கும் வக்கீலுக்கும் இடையே நிலவிய பழைய பிரிவினை மறைவதற்கு வழிகோலியது. பட்டத்தின் ஏற்றத்தாழ்வைச் சட்டத்தால் நீக்க முடிந்தது. பரிச்சயத்தின் ஏற்றத்தாழ்வு எந்தச் சட்டத்துக்கும் எளிதில் அகப்படவில்லை.

முடிவுரை

சென்னையின் அனுபவம் இலங்கைக்கு அந்நியமானதன்று. சென்னை மாநிலக் கல்லூரியிற் கற்ற சேர் பொன்னம்பலம் இராமநாதன், கொழும்பில் சேர் றிச்சட் மோகனிடம் சட்டம் பயின்றார். தம் தாய்மாமனாகிய சேர் முத்துக்குமாரசுவாமியை அடுத்து 1879இல் சட்ட நிரூபண சபையிற் புகுந்தார். அப்புக்காத்து, பிறக்கிராசி என்ற பிரிவு இங்கும் நிலவி, 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டத்தினால் நீக்கப்பட்டது.

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படும் முடிபு ஒன்றுண்டு. நம்பிக்கையை முதலாகக் கொண்ட தொழிலிலிருந்து சமூக உறவுகளை அகற்றிவிட முடியாது. அகற்ற முயல்வது பயனுடையதுமன்று. முத்துசாமி ஐயரைக் கண்டெடுத்ததும், கோயிற் குருக்களின் மைந்தரை அரசியலமைப்பு வரைவோராக்கியதும் அவ்வுறவுகளே. ஆனால் தாசில்தார் ஒருவர் தம் குலத்தவனல்லாத சிறுவனிடம் காட்டிய கவனத்துக்கும், அறையொன்று தன் உறவினருக்கு மட்டும் திறப்பதற்கும் உள்ள தூரம் பெரிது. முன்னது அறியாதவனை அறிந்தவனாக்குகின்றது; பின்னது அறிந்தவர்களையே மீண்டும் அறிந்துகொள்கின்றது. ஒரு தொழிற் சமூகத்தின் நேர்மையை அளந்தறிய விரும்பும் வரலாற்று மாணவன், அதன் பரீட்சை எவ்வளவு கடினமானது என்பதோடு நின்றுவிடலாகாது. உறவினர் எவருமற்ற இளைஞன் ஒருவனுக்கு அதன் முன்னறைக் கதவு திறந்ததா என்பதையும் அவன் கேட்டறிதல் வேண்டும்.