பத்து காவானும் பாட்டன் சைக்கிளும்

நம் பத்து காவானில் முதலில் கரும்பு, பிறகு தென்னை, ரப்பர், செம்பனை என்று பயிர்கள் மாறின. ஆனால் தோட்டத்து மண் சாலை மட்டும் நெடுங்காலம் மாறவில்லை. மேடு குறைவு, குண்டும் குழியும் அதிகம். அந்தச் சாலையில் நம் பாட்டன்மார் மிதித்தது, இங்கிலாந்தின் நோட்டிங்காம் நகரில் செய்த 'ராலி' போன்ற உயரமான கறுப்பு சைக்கிள். "எந்தப் பள்ளத்துல விட்டாலும் ஆளைத் தூக்கிப் போடாதுடா" என்பார்கள் பெரியவர்கள். ஏன் தூக்கிப் போடாது?

இன்றைய மிதிவண்டியின் உருவம் 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த 'ரோவர்' சைக்கிளோடு நிலைபெற்றது. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். பின்னாளில் அந்த டயர்களுக்கு மலாயா ரப்பர் போயிற்று. பால் வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் நம்மவர்கள்தாம்.

அந்தப் பழைய சைக்கிளைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஹாண்டிலைத் தாங்கும் குழாயும் சீட்டைத் தாங்கும் குழாயும் நன்றாகப் பின்னால் சாய்ந்திருக்கும். தரையோடு ஏறக்குறைய 67 பாகை. பந்தய சைக்கிளிலோ 73 பாகை. ஆறு பாகைதானே என்று தள்ளிவிட வேண்டாம். சாய்வு கூடினால் வண்டி நீளும்; இரு சக்கர அச்சுகளுக்கும் நடுவே சுமார் 45 அங்குலம் வரும். பந்தய வண்டியில் அது 39-தான். நீளமான வண்டியில் ஒரு சக்கரம் கல்லில் ஏறினாலும் நடுவே உட்கார்ந்திருப்பவர் அவ்வளவாக எழும்புவதில்லை. முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையும் முன்னோக்கி வளைந்திருப்பதால் சற்றே நெளிந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். நிமிர்ந்து உட்காருவதால் உடல் பாரம் முழுதும் சீட்டில் இறங்கும். அதற்காகத்தான் சீட்டுக்கடியில் அந்தப் பெரிய சுருள் கம்பிகள்.

குறையும் உண்டு. சுமார் 20 கிலோ எடை. மழையில் இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் பிடிக்கவே பிடிக்காது!

டயரின் அருமையைப் போர்க்காலம் காட்டியது. 1941 டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, சைக்கிள்களையும் பயன்படுத்தி 55 நாளில் ஜொகூர் பாருவை எட்டியது. டயர் வெடித்தபோது வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இரவில் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் டாங்கி வருவதாக அஞ்சினார்களாம்.

இப்போது 'சொகுசு சைக்கிள்' என்று கடைகளில் விற்கிறார்கள். தடித்த டயர், ஸ்பிரிங் வைத்த முன்கவை, தாழ்ந்த பார். வயதானவர்கள் ஏறி இறங்க அது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அதிலும் சீட்டுக் குழாயைப் பின்னால் சாய்த்து, ஹாண்டிலை உயர்த்தி வைத்திருப்பதைக் கவனியுங்கள். பாட்டன் வண்டியில் இருந்ததுதானே அது!

2014-இல் இரண்டாம் பாலம் திறந்தபின் பத்து காவானில் ஆலைகளும் அடுக்குமாடிகளும் பெருகிவிட்டன. வீட்டுக்குப் பின்னால் துருப்பிடித்த சைக்கிள் கிடந்தால், பழைய இரும்புக்காரர் வருமுன் ஓர் அளவு நாடாவை எடுங்கள். அச்சுக்கு அச்சு எத்தனை அங்குலம் என்று அளந்து, அதை மிதித்தவர் யார், எங்கே வேலை செய்தார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.