கணக்கு மாத்திரை

"வால் ஒன்றுதான் குறை" என்று ஊரார் சொல்லும் பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உட்கார வைத்தால் உட்கார மாட்டான். ஐந்து கணக்குப் போடச் சொன்னால், இரண்டாவது கணக்கிலேயே அவன் மனம் ஜன்னலுக்கு வெளியே பறக்கும் காக்கையோடு போய்விடும். வாத்தியார் பிரம்பை எடுப்பார். தகப்பனார் தலையில் அடித்துக்கொள்வார். பையனும் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுவான். தானும் முயன்று பார்த்துத் தோற்றுப்போன அழுகை அது. அதைச் சோம்பேறியின் பாசாங்கு என்றே உலகம் நெடுங்காலம் எண்ணி வந்தது.

துறுதுறுவென்று இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் நோயாளிகள் அல்லர். ஆனால் சிலருக்கு இது உண்மையிலேயே ஒரு குறை. இன்று டாக்டர்கள் அதை ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். அந்தப் பெயர் 1987-ல்தான் வழக்கத்துக்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால், பெயருக்கு ஐம்பது வருஷம் முன்பே மருந்து பிறந்துவிட்டது. அது பிறந்த கதை ஒரு தகப்பனின் துயரத்திலிருந்து தொடங்குகிறது.

அமெரிக்காவில், தொலைபேசி புதிதாக வந்த காலத்தில் அந்தத் தொழிலில் பணம் போட்டுச் செல்வரானவர் ஜார்ஜ் பிராட்லி. அவருக்கு ஒரே மகள், எம்மா. ஏழு வயதில் அவளுக்கு மூளைக் காய்ச்சல் கண்டது. உயிர் பிழைத்தாள், ஆனால் பழைய எம்மாவாகத் திரும்பவில்லை. அவளுக்கேற்ற வைத்தியசாலையைத் தேடித் தேடி அந்தத் தகப்பன் அலுத்துப்போனார். நம் குழந்தைக்குக் கிடைக்காதது பிறர் குழந்தைகளுக்காவது கிடைக்கட்டும் என்று உயில் எழுதிவைத்து, 1906-ல் கண்ணை மூடினார். அந்த உயிலின்படி 1931-ல், ரோட் ஐலண்ட் மாநிலத்தின் கிழக்கு பிராவிடென்ஸில், மகளின் பெயரால் ஓர் இல்லம் எழுந்தது. மனக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கென்றே அந்த நாட்டில் ஏற்பட்ட முதல் வைத்தியசாலை அதுதான்.

அங்கே டாக்டராக இருந்தவர், அதே குடும்பத்தைச் சேர்ந்த சார்லஸ் பிராட்லி. மூளையைப் படம் பிடிக்க அந்நாளில் ஒரு கொடிய முறை இருந்தது. முதுகுத்தண்டு நீரை வடித்துவிட்டு, அந்த இடத்தில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். பிறகு குழந்தைகளுக்குத் தலை வெடித்துவிடுவது போல வலிக்கும். வடித்த நீர் சீக்கிரம் ஊறினால் வலி தணியுமே என்று எண்ணிய பிராட்லி, பென்ஸெட்ரின் என்னும் ஊக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அது ஆம்ஃபெட்டமைன் இனத்தைச் சேர்ந்தது. 1887-ல் பெர்லினில் எடெலியானு என்ற ருமேனியர் முதன்முதலில் தயாரித்தது. பிறகு மூக்கடைப்புக்கு உறிஞ்சும் மருந்தாகக் கடைக்கு வந்தது.

தலைவலி போகவில்லை. ஆனால் இல்லத்து ஆசிரியர்கள் வியப்போடு வந்தார்கள். நேற்று வரை புத்தகத்தைத் தொடாத பிள்ளைகள் இன்று தாமே உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள்! டாக்டர் விழித்துக்கொண்டார். ஐந்து முதல் பதினான்கு வயது வரை உள்ள முப்பது குழந்தைகளுக்கு ஒரு வாரம் மருந்து கொடுத்துக் கவனித்தார். பதினான்கு பேர் படிப்பில் கண்கூடாக முன்னேறினார்கள். 1937-ல் இதை அவர் எழுதி வெளியிட்டார். குழந்தைகளோ அதற்குத் தாங்களே பெயர் சூட்டிவிட்டார்கள்: 'கணக்கு மாத்திரை.'

ஊக்க மருந்து துள்ளும் பிள்ளையை எப்படி அடக்கும்? எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பது அல்லவா? பிராட்லிக்கே இது புதிராகத்தான் இருந்தது. மூளையில் டோபமைன், நார்எபிநெப்ரின் என்று இரண்டு ரசாயனத் தூதர்கள் உண்டு. மருந்து அவற்றின் வேலையை வலுப்படுத்துகிறது. 'இப்போது இது போதும், மற்றது பிறகு' என்று மனத்தைப் பிடித்து நிறுத்தும் பகுதி அதனால் பலம் பெறுகிறது. குதிரையை மருந்து களைப்பாக்குவதில்லை. கடிவாளத்தைக் கையில் கொடுக்கிறது. 1978-ல் ஜூடித் ராப்பபோர்ட் என்ற டாக்டர், குறை ஏதுமில்லாத சிறுவர்களுக்கு இதே இன மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அவர்களும் அமைதியாகி, கவனம் கூடினார்கள். ஆகவே, மருந்து சாப்பிட்டதும் ஒருவன் அடங்கிவிட்டான் என்பதே அவனுக்கு நோய் உண்டு என்பதற்குச் சாட்சியாகாது. நிதானமாக விசாரித்துத்தான் டாக்டர் முடிவு செய்ய வேண்டும்.

இதற்கிடையில் மருந்துக்கு ஒரு தங்கையும் பிறந்தாள். 1944-ல் ஸ்விட்ஜர்லாந்தில், ஸீபா கம்பெனியின் ரசாயன நிபுணர் லியாண்ட்ரோ பானிஸ்ஸோன் மெதில்ஃபெனிடேட் என்பதைத் தயாரித்தார். அவர் மனைவி மார்கரெட் டென்னிஸ் ஆடப் போகுமுன் அதைச் சாப்பிட்டுப் பார்த்தார். அந்த அம்மாளின் செல்லப் பெயர் ரீட்டா. அதனால் மருந்து 'ரிட்டலின்' ஆயிற்று.

குழந்தைகளுக்கு உதவிய அதே சரக்குப் பெரியவர்கள் கையில் வேறு வேலைக்குப் போயிற்று. இரண்டாம் உலக யுத்தத்தில் சிப்பாய்கள் தூக்கம் விரட்ட விழுங்கினார்கள். உடம்பு இளைக்கவும், இரவெல்லாம் லாரி ஓட்டவும் மற்றவர்கள் விழுங்கினார்கள். பழகியவர்களால் விட முடியவில்லை. 1971-ல் அமெரிக்க சர்க்கார் ஆம்ஃபெட்டமைனையும் மெதில்ஃபெனிடேட்டையும் கடுங்காவல் பட்டியலில் சேர்த்தது. ஒரே சீட்டைக் காட்டி மறுபடி வாங்க முடியாது. ஆண்டுக்கு எவ்வளவு தயாரிக்கலாம் என்பதையும் சர்க்காரே அளந்து கொடுக்கும். நியாயமான பூட்டுத்தான்.

ஆனால் பூட்டுக்குத் திருடனும் ஒன்று, வீட்டுக்காரனும் ஒன்று. கொள்ளைநோய்க் காலத்தில் டாக்டரை நேரில் காணாமலே சீட்டு வாங்கச் சலுகை கிடைத்தது, சீட்டுகளும் பெருகின. 2022 அக்டோபர் 12-ஆம் தேதி, அட்டரால் என்னும் ஆம்ஃபெட்டமைன் மாத்திரைக்குத் தட்டுப்பாடு என்று அந்நாட்டு மருந்து நிர்வாகம் அறிவித்தது. தாய்மார்கள் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். ஒரு கடைக்கு அனுப்பிய சீட்டு அங்கே பலிக்காவிட்டால், டாக்டரிடம் திரும்பிப் போய் வேறு கடைக்குச் சீட்டு வாங்க வேண்டும். மின்வழிச் சீட்டை ஒரு தடவை வேறு கடைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற விதியே 2023 ஆகஸ்டில்தான் நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் அதிகாரிகள் வெளியிட்ட கணக்கு ஒன்று திகைக்க வைத்தது: 2022-ல் அனுமதித்த அளவில் கம்பெனிகள் விற்றது சுமார் 70 சதவீதம்தான், இன்னும் ஏறக்குறைய நூறு கோடி மாத்திரைகள் செய்திருக்கலாம்! சர்க்கார் கம்பெனியைக் காட்டியது. கம்பெனி சர்க்காரைக் காட்டியது. நடுவிலே ஒரு பிள்ளை பரீட்சைக்குப் போனான், கடிவாளம் இல்லாமல்.

இந்தச் சமயம் பார்த்துக் கள்ளச் சரக்கு விற்பவன் சிரித்துக்கொண்டு வருவான். அவன் மாத்திரையில் உயிர் குடிக்கும் விஷம் கலந்திருப்பதும் உண்டு. காத்திருக்கும் வேதனை பெரிதுதான். ஆனாலும் போகவேண்டிய இடம் டாக்டரின் வாசலே. வேறு அளவோ, இதே இனத்து வேறு மருந்தோ பொருந்துமா என்று சொல்ல வல்லவர் அவர் ஒருவர்தான்.

எம்மாவுக்கு அந்த மாத்திரையால் ஒரு நன்மையும் கிட்டவில்லை. ஆனால் தன் மகளுக்காக வாசல் வாசலாக அலைந்த ஒரு தகப்பன் கட்டிவைத்த வீட்டில்தான் அது பிறந்தது. அவர் மறைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், அந்த மாத்திரைக்காகவே வேறு தகப்பன்மார்கள் வாசல் வாசலாக அலைய நேர்ந்ததை நினைத்தால் மனம் கனக்கிறது.